பதினேழு விநாடி

எங்கள் ஒலிபெருக்கிக் கம்பெனியில் அந்தப் பாடகருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் உதடு. மேடைக்கு அவர் கொண்டுவருவது அது ஒன்றைத்தான். குரல் என்னுடைய மடிக்கணினியில் இருக்கும். "உங்களை மாதிரி ரசிகர்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்று எல்லா ஊரிலும் சொல்வார். அதற்கு மட்டும் அவருடைய மைக்கைத் திறப்பேன். பாட்டு ஆரம்பித்ததும் மூடிவிட்டு, முப்பது வருடத்துக்கு முந்தைய குரலை ஓடவிடுவேன். அவர் வாயசைப்பார். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

இதைக் கேட்க வருகிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நேரில் பார்க்கவென்று அடித்துப்பிடித்து வந்துவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்து அதற்குள்தான் பார்ப்பார்கள். இரண்டாவது பாட்டில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வெளியே போகும்போது ஒருவர் தவறாமல் சொல்வார்: "ரெக்கார்டுல கேட்ட மாதிரியே பாடுறாருய்யா!" ரெக்கார்டுதானய்யா, பின்னே எப்படி இருக்கும்?

இந்தக் கூட்டத்தில் என் அக்காவும் ஒருத்தி.

அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறாள். டோக்கன் எண்ணைச் சொல்லி "உள்ள வாங்க" என்று கூப்பிடுவது அவள் வேலை. அந்தக் குரலுக்கு, பல்லைப் பிடுங்கப் போகிறவர்கூட ஏதோ பரிசு வாங்கப் போவதுபோல எழுந்து நடப்பார். அப்படிப்பட்ட குரல் டோக்கன் எண் சொல்லிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உதடுதான்.

அவருடைய பாட்டுகளிலேயே பெரிய பெயர் வாங்கிய ஒன்று இருக்கிறது. அதன் முடிவில் ஒரே சுரத்தைப் பதினேழு விநாடி இழுப்பார். ஒரே மூச்சில். பத்தொன்பது வயதில் அக்கா இசைக் கல்லூரியில் சேர்வதற்கான தேர்வுக்கு அந்தப் பாட்டைத்தான் பாடினாள். துணைக்குப் போன எனக்குப் பதிமூன்று வயது. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தில் அவளுக்கு மூச்சு முறிந்தது. உள்ளே யாரோ, "பரவாயில்லம்மா, மேல பாடு" என்றார்கள். "இல்லைங்க, எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு அவளே வெளியே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் ஒரு வரி பாடி யாரும் கேட்டதில்லை. அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் கடைசியில் கடிகாரத்தைப் பார்ப்பாள். பதினேழுவரை வாயசைக்காமல் எண்ணி முடிப்பாள். முடிந்ததும் தோசைக் கரண்டியோ துடைப்பமோ, கீழே வைத்ததை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர்வாள்.

அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று பல வருடமாக என்னை நச்சரித்தாள். இடம் இல்லை, அன்றைக்கு மழை வரும், கூட்டம் நெரிக்கும் என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். இந்த முறை என்னிடம் கேட்காமல் அவளே மூன்றாவது வரிசையில் சீட்டு வாங்கிவிட்டாள்.

"எதுக்குக்கா? பாட்டுதான் வீட்டுலயே இருக்கே" என்றேன்.

"அந்தப் பதினேழை அவரு நேர்ல பாடுறதை ஒரு தடவை என் கண்ணால பாக்கணும்டா. ஒரு மனுஷனால அது முடியும்னு பாத்துட்டேன்னா போதும். எனக்கு வரலன்னு விட்டது சரிதான்னு நிம்மதியா இருந்துடுவேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பதினேழு விநாடியை எந்த மனுஷனும் பாடியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவருடைய பழைய ஒலிநாடாக்களையெல்லாம் கணினிக்கு மாற்றுகிற வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. அந்தப் பாட்டின் மூல நாடாவை நான்தான் ஓடவிட்டேன். வாத்தியங்கள் தனியாக, குரல் தனியாக. கடைசிச் சுரம் வந்தது. ஒன்பது விநாடி இழுத்தார். தண்ணீருக்குள் முக்கி எடுத்தவர்போல ஒரு பெரிய மூச்சை உறிஞ்சினார். பிறகு எட்டு விநாடி இழுத்தார். ஒலிப்பதிவு செய்த ஆசாமி நடுவிலிருந்த மூச்சை எடுத்துவிட்டு இரண்டு துண்டையும் ஒட்டியிருக்கிறார். நல்ல வேலைக்காரர். ஒட்டு காதுக்குத் தெரியாது.

அன்றைக்கே அக்காவிடம் ஓடியிருக்க வேண்டாமா? நான் எங்கே ஓடினேன் தெரியுமா? டீக்கடைக்கு. எங்களுக்கு விளக்கு போடுகிறவரிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். ஊரே வாயைப் பிளந்து கேட்கிறது, விஷயம் எனக்கு மட்டும் தெரியும் என்பதில் அப்படியொரு சுகம். ஒன்பது வருடத்தில் அந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அவளிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் மனம் உடைந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம்.

சரி, ஏமாறத்தான் வருகிறாள், நன்றாகவாவது ஏமாறட்டும் என்று நினைத்தேன். வழக்கமாக ஓடவிடுகிற கோப்பு தேய்ந்துபோன பழைய பதிவு, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். அக்காவுக்காக மூல நாடாவிலிருந்து புதிதாக ஒன்று தயாரித்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து இரைச்சலைத் துளித்துளியாகத் துடைத்தேன். பழைய ஆசாமி செய்த மாதிரியே அந்த மூச்சை வெட்டி எடுத்து, இரண்டு துண்டையும் ஒட்டினேன். என் ஒட்டு அவருடையதைவிடச் சுத்தம்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு கோப்புக்குக் "கடைசி" என்று பெயர் வைப்போம். பிறகு ஒன்றைத் திருத்துவோம், அது "கடைசி இரண்டு" ஆகும். அதற்கும் பிறகு "உண்மையான கடைசி". எந்தக் கடைசியும் கடைசியாக இருக்காது. கச்சேரி அன்று பெயர் குழம்பி நான் ஏற்றியது "கடைசி இரண்டு". இரைச்சல் துடைத்தாயிற்று. ஒட்டுப் போடவில்லை.

கச்சேரி மாலை நான்கு மணிக்கு. உதடு எட்டு மணிக்குத் தூங்கியாக வேண்டும். பளபளக்கிற சட்டையில் வந்து நின்றார், இந்த ஊர் ரசிகர்களைப் போல எங்கேயும் பார்த்ததில்லை என்றார், மண்டபம் உருகியது. அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். பீரோவிலேயே கிடந்த நல்ல புடவை. கையில் போன் இல்லை. அத்தனை பேரில் மேடையை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

கடைசியாக அந்தப் பாட்டு. முடிவு நெருங்கியது. அவர் வழக்கம்போல இடது கையைத் தூக்கி, கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தார். பெரிய திரையில் உள்நாக்குவரை தெரிந்தது. சுரம் கிளம்பியது, சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு துல்லியம். ஒன்பதாவது விநாடியில், இரண்டு ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகள் அத்தனையிலிருந்தும் ஒரு மூச்சு வந்தது. மண்டபத்துக் காற்றையெல்லாம் ஒருவர் உறிஞ்சியது போன்ற சத்தம். திரையில் அவர் வாய் திறந்தபடி அப்படியே இருந்தது. தொண்டைகூட அசையவில்லை. பிறகு சுரம் தொடர்ந்தது.

முடிந்தது, செருப்பு பறக்கப் போகிறது என்று நினைத்தேன். கூட்டம் எழுந்து நின்றது. கைதட்டியது. ஐந்து நிமிடம் தட்டியது. எனக்கு முன்னால் இருந்தவர் மனைவியிடம், "அந்த மூச்சுல எவ்வளவு உணர்ச்சி பாத்தியா!" என்றார். வாயைத் திறந்துகொண்டே மூச்சு வாங்காமல் மூச்சு வாங்கிய மனிதருக்காக அந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவர்களுக்கு நான் துடைத்த ஒவ்வொரு துளி இரைச்சலும் வீண்.

உதடாவது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மேடையிலிருந்து இறங்கி வந்தவர் என் தோளில் தட்டினார். "இன்னைக்கு நம்ம குரல் நல்லா இருந்துச்சுல்ல தம்பி?" என்றார். தன்னுடைய மூச்சு தனக்கே காதில் விழவில்லை.

விழுந்தது ஒருத்திக்குத்தான். எல்லோரும் எழுந்து நின்றபோது அவள் உட்கார்ந்தே இருந்தாள். மண்டபம் காலியானதும், நான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மேஜைக்கு வந்தாள்.

"ஒன்பதுல ஒரு மூச்சு வந்துச்சே, அது என்னடா?"

"ஸ்பீக்கர் கோளாறுக்கா."

"ஸ்பீக்கருக்கு மூச்சு வாங்குமா?"

நான் ஒயரைச் சுருட்டினேன். அப்போதுதான் விளக்கு போடுகிறவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். நல்ல மனிதர். வாய்தான் நிற்காது.

"ஓ, இவங்கதான் அந்த அக்காவா? கடிகாரத்தைப் பாத்துப் பதினேழு எண்ணுவாங்கன்னு சொல்வீங்களே! ஒட்டு ஒன்பதுல இருக்குன்னு தெரியாம எண்ணுறாங்கன்னு நீங்க நடிச்சுக் காட்டும்போது சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப்போயிடும்."

அக்கா அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை பொறுத்திருந்தாள்.

"எத்தனை வருஷமா தெரியும்?"

"ஒன்பது."

"அதைப் போடு."

ஹெட்போனை மாட்டிவிட்டுக் கடைசிப் பகுதியை ஓடவிட்டேன். நின்றபடியே மூன்று முறை கேட்டாள். அழவில்லை. ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"அவரு ஒன்பது. நான் பத்து."

"அக்கா..."

"அவரு என்னை ஏமாத்தலடா. நான் யாருன்னே அவருக்குத் தெரியாது. நீ வெளியில பெஞ்சில உக்காந்து எண்ணுனவன்."

அதோடு போய்விட்டாள். போன் செய்தால் எடுக்கவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மருத்துவமனை மூடுகிற நேரத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்கு நான்கைந்து வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அதிலும் எது கடைசி, எது உண்மையான கடைசி என்று குழம்பிக்கொண்டேதான் மாடி ஏறினேன்.

பாதிப் படியில் நின்றுவிட்டேன். மேலே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போடுகிற சத்தம், நடுவில் பாட்டு. முப்பது வருடம் மூடிக்கிடந்த குரல், ஓரங்களில் கொஞ்சம் கரகரத்தது. கடைசிச் சுரம் வந்தது. என்னையறியாமல் விரலை மடக்கி எண்ணினேன். ஏழு. ஒரு மூச்சு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்பதுபோல. மறுபடி ஆறு. இன்னொரு மூச்சு. மறுபடி நான்கு. நான் வாழ்நாளெல்லாம் கச்சேரியிலேயே நின்றவன். அந்தப் பெஞ்சுக்குப் பிறகு யாரும் நேரில் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மீதிப் படியையும் ஏறிக் கதவைத் திறந்தேன். பாட்டு நின்றுவிட்டது.

"டாக்டர் கிளம்பிட்டாரு" என்றாள் அக்கா, டோக்கன் எண் சொல்கிற குரலில். கையிலிருந்த நாற்காலியை இறக்கவில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, படியில் ரொம்ப நேரம் காத்திருந்தேன். அவள் மறுபடி பாடவில்லை.