ஆர்ட்ஸ் பிள்ளை

ஹம்சிகா பாயாசக் கப்பை வாயில் வைத்த நேரத்தில்தான் பக்கத்து மேசையில் நமசிவாயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் சாமத்திய வீடு. தூரத்துச் சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியவளான கொண்டாட்டம். ஆனால் அம்மா அருந்ததி அவளைப் பட்டு உடுத்தி இழுத்துக்கொண்டு வந்தது அந்தப் பிள்ளைக்கு அறுகரிசி போட்டு வாழ்த்த அல்ல. நமசிவாயமும் மனைவியும் தற்செயலாகப் பார்ப்பதுபோல ஹம்சிகாவைப் பார்க்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. அவர்களின் மகன் லண்டனில் டொக்டர். பிடிக்காவிட்டாலும் இரண்டு பக்கத்துக்கும் மானக்கேடில்லை, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். கொழும்பில் இப்போது இப்படித்தான் பெண் பார்க்கிறார்கள், என்ன செய்ய.

இந்தக் கூத்தெல்லாம் அவளுக்கு எரிச்சல். ஆனாலும் நமசிவாயத்தை அவளுக்குப் பிடித்துவிட்டது. மைக்கை விடமாட்டேன் என்ற ஐயரின் பிடிவாதத்தைப் பற்றி அவர் சொன்ன பகிடிக்குத் தன்னை மறந்து சிரித்தாள். படிப்பைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கேட்காதது அதைவிட அதிசயம். ஆர்ட்ஸ், புவியியல் என்றதும் "ஓ, அப்ப டீச்சிங்கோ" என்று சுருங்கிப்போகிற முகங்களைத்தான் அவள் இதுவரை கண்டிருக்கிறாள். கொலன்னாவையில் வெள்ளம் எந்த ஒழுங்கை வரை ஏறும் என்று வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. அதை விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் கேட்டவர் எழும்பிப் போய்விடுவார். இவர்கள் வேறு மாதிரியான மனிதர்கள் என்று நினைத்தாள், பாவம்.

"பிள்ளை, கெதியா வாரும்." நமசிவாயத்தின் மனைவி அவளைக் கையில் பிடித்து இழுத்தார். "இவருக்கு நெஞ்சுக்க ஏதோ செய்யுதாம். நீர் டொக்டரெல்லே, என்னெண்டு பாரும்."

சுற்றி நின்றவர்கள் மளமளவென்று விலகி அவளுக்கு வழிவிட்டார்கள். ஹம்சிகா ஒன்றும் விளங்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அருந்ததியின் முகத்தில் ரத்தமே இல்லை. கிட்ட வந்து காதுக்குள் சொன்னாள்.

"சும்மா நாடியைப் பிடிச்சுப் பார். ஆருக்குத் தெரியப்போகுது. அதுக்குள்ள ஆரும் வந்திடுவினம்."

ஒரு மனிதர் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டு கிடக்கிறார், பெற்ற தாய் நடி என்கிறாள். இன்னும் எத்தனை வீட்டில் இந்த மனுசி அவளை டொக்டராக்கி வைத்திருக்கிறாளோ? இருபத்தேழு வருடமாக வளர்த்த பிள்ளையை உள்ளபடி சொல்ல ஒரு நாளாவது வாய் வரவில்லையா? அழ நேரமில்லை.

"நான் டொக்டர் இல்லை," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "நான் படிச்சது ஆர்ட்ஸ். இஞ்ச டொக்டர்மார் ஆரும் இருக்கிறியளோ?"

ஒருவரும் இல்லை. இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லத் தேவையில்லை. அவள் அம்புலன்ஸுக்கு, 1990க்கு, அடித்து, ஒழுங்கையின் பெயரைச் சிங்களத்தில் இரண்டு தரம் சொன்னாள். மறுமுனையில் சொன்னபடி நமசிவாயத்தைச் சுவரோடு சாய்த்து இருத்தினாள், சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள், தண்ணீரோடு வந்த செம்பைத் தடுத்தாள். கதை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். என்ன கதைப்பது? ஐயரின் மைக்கைப் பற்றியே கதைத்தாள். அவருடைய குளிர்ந்த கை அவள் கையைத் தேடிப் பிடித்தது.

"போயிடாதையும் பிள்ளை," என்றார்.

"நான் எங்கயும் போகேல்லை."

அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வரத் தொடங்கியது. காலி வீதி நெரிசலுக்குள் எங்கேயோ அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அவளுக்குப் பின்னால் அவருடைய மனைவி அருந்ததியிடம், "மெடிசின் எண்டெல்லே எங்களுக்குச் சொன்னனியள்," என்று கேட்டது காதில் விழுந்தது.

பிறகு நமசிவாயத்தின் மனைவி புருசனுக்குப் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டார்.

"இஞ்சேருங்கோ, கையை விடுங்கோ," என்றார். "உது ஆர்ட்ஸ் பிள்ளையாம்."

நமசிவாயம் கண்ணைத் திறக்கவில்லை, கையையும் விடவில்லை. மனைவி குனிந்து, ஹம்சிகாவின் கையிலிருந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.