நமது ஆம்பூர் நிருபர்

சனிக்கிழமை காலையில் சாமுவேலுக்குச் சோறு இறங்கவில்லை. சென்னை மெயிலில் பத்திரிகைக் கட்டு வந்துவிட்டது என்று ரயிலடியிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். தான் எழுதியது அதில் இருக்கிறதா இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் அதுவே வினையாகிவிடும்.

தோல் பதனிடும் மண்டியில் அவன் குமாஸ்தா. முதலாளி ஜியாவுல்லா சாயபுவுக்கு உருது படிக்க வரும். தமிழ் பேச மட்டும்தான் வரும். அதனால் வாராவாரம் தமிழ்ப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்டுவது சாமுவேலின் வேலை. அதே பத்திரிகைக்கு ‘நமது ஆம்பூர் நிருபர்’ என்று மண்டிகளின் அக்கிரமத்தை எழுதி அனுப்புவதும் அவன்தான். இது பத்திரிகை ஆசிரியர் சுந்தரமூர்த்தி ஒருவருக்குத்தான் தெரியும்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த மனிதர் பேனாவை எடுத்தால் கலெக்டர் கச்சேரியே கலங்கும். போன மாதம் சாயபுவும் மற்ற மண்டி முதலாளிகளும் சேர்ந்து அவர்மேல் வழக்குப் போட்டார்கள். நிருபர் பெயரைச் சொன்னால் வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். “என் பத்திரிகையில வர்றதெல்லாம் நான் எழுதினதுதான்” என்று சொல்லிவிட்டு வேலூர் ஜெயிலுக்குப் போய்விட்டார். அறுபதைத் தாண்டியவர், மூச்சிழுப்புக்காரர். பத்திரிகையை மட்டும் அவருடைய ஆட்கள் நிறுத்தாமல் நடத்தினார்கள். அன்றிலிருந்து சாமுவேலுக்குத் தூக்கம் போயிற்று. மாட்டிக்கொண்டால் வேலை போவது ஒருபுறம் இருக்கட்டும், அந்தப் பெரிய மனிதர் ஜெயிலில் கிடப்பதே வீணாகிவிடுமே என்ற பயம்தான் அவனை அரித்தது.

மண்டிக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகச் சாயபு கூப்பிட்டார்.

“சாமுவேலு, நம்ம மண்டிய பத்தி இன்னாவோ எழுதிக்கீறானாமே. ரயிலடி பூரா அதே பேச்சு. வேற எதுவும் வேணாம், மொதல்ல அத படி.”

தாண்டிப் போக வழியே இல்லை. சாமுவேல் பத்திரிகையைப் பிரித்தான். ஐந்தாம் பக்கத்தின் அடியில் தொடங்கியிருந்தது. முதல் தடவை பார்ப்பவனைப் போலத் தட்டுத்தடுமாறித்தான் படிக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டான்.

“ஆம்பூர்... மண்டியொன்றில்... சுண்ணாம்புக் குழியில் விழுந்து... மாண்ட காசிநாதன் என்பவன்...” நடுவில் இருமினான், கண்ணைத் துடைத்தான், வரியைத் தொலைத்தவன் போலத் தேடினான். சாயபு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தப்பித்தோம் என்று சாமுவேலுக்குத் தோன்றியது.

பிறகு காசிநாதனின் பெண்டாட்டி செண்பகத்தின் கதை வந்தது. அதை எழுதிய அன்று சாமுவேல் அழுதிருந்தான். இப்போதும் குரல் தானாக ஏறியது.

“காய்ச்சலில் செத்தான் என்று சொல்லி, கைக்குழந்தையோடு வாசலில் நின்றவளைத் துரத்திவிட்டார்கள். வெந்துபோன உடம்பைக் குளிப்பாட்டியவள் அவள். அது காய்ச்சலா என்று அவளைக் கேளுங்கள்!”

வெளியே ஆவாரம்பட்டை இடிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. சாயபு கண்ணைத் திறந்திருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

“அடி வரிக்கு வந்து எவ்ளோ நேரமாச்சு, சாமுவேலு. நீ இன்னும் பக்கத்த திருப்பவே இல்லியே.”

சாமுவேல் குனிந்து பார்த்தான். அவன் விரல் ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரியிலேயே இருந்தது. அதற்குக் கீழே ‘தொடர்ச்சி ஆறாம் பக்கம்’ என்று அச்சடித்திருந்தார்கள். செண்பகத்தைப் பற்றிய வரிகள் முழுவதும் அவன் திருப்பாத அந்த ஆறாம் பக்கத்தில் இருந்தன.

சாயபு பத்திரிகையை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி மடித்தார்.

“பாவம்பா அந்த எடிட்டரு,” என்றார். “இனிமே எதுக்கு அவரு உள்ள கெடக்கணும்?”