அந்தமானுக்குப் போன என் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். நல்லகாமன் வந்தான். என்னிடம் நிற்கவில்லை. "மதினி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நேராக அடுப்படிக்குப் போய்விட்டான். என்னிடம் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும்.

"மதினி, பெட்டி வேணுமே. அந்தமானுக்கு."

"அதுக்கென்ன, எடுத்துட்டுப் போ. இங்க சும்மாதான கெடக்கு" என்றாள் என் பெண்டாட்டி தங்கப்பொண்ணு. எண்ணெய் என் கண்ணில் இறங்கி எரிந்தது.

நானும் அவனும் பெயிண்டர்கள். திருப்பரங்குன்றத்தில் ஒரே தெரு. அவன் சாரத்தில் ஏறினால் நான் கீழே சுவருக்குப் பட்டி பார்ப்பேன், நான் ஏறினால் அவன் பார்ப்பான். புதுப் பெயிண்ட் பக்கெட்டைத் திறந்தால் மூடிக்கு அடியில் ஒரு டோக்கன் இருக்கும். சுரண்டி, போனில் காட்டினால் பாயிண்ட் ஏறும். நாங்கள் சேர்ந்து வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்தில் என்னிடம் இருந்தது பட்டன் போன். எழுத்தும் எனக்கு அப்போது தெரியாது, அது தலை நரைத்த பிறகு வந்தது. "யார் போன்ல ஏறுனா என்னண்ணே, நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான?" என்றான் நல்லகாமன். ஆமாம் என்றேன். அதிலிருந்து மூடியைத் திறப்பது நான், டோக்கனை எடுப்பது அவன். இப்போது என்னிடமும் டச் போன் இருக்கிறது, மகள் மீனா கொடுத்தது. ஆனால் பழக்கம் பழக்கமாகவே போய்விட்டது.

போன மாதம் பெயிண்ட் கடையிலிருந்து அவனுக்குக் கூப்பிட்டு, சேர்ந்த பாயிண்ட்டுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று சொன்னார்கள். அந்தமான் தீவு. இரண்டு பேர். விமானம், தங்குவது, சாப்பாடு எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அவனும் அவன் வீட்டுக்காரி முத்துத்தாயும் கிளம்புகிறார்கள்.

கட்டினவளைக் கூட்டிப் போவதில் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. நான் சீட்டுக் கேட்கவில்லை. 'இதுல பாதி உங்களுதுண்ணே' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எதிர்பார்த்தேன். வாயால் சொல்ல என்ன கேடு? அது வரவில்லை. அதற்குப் பதிலாகத் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வந்தது.

நல்லகாமன் கூலிங் கிளாஸ் போட்டு நிற்கிறான். தலைக்கு மேலே விமானம், காலுக்குக் கீழே கடல், இரண்டு பக்கமும் தென்னை மரம். 'கடல் தாண்டும் எங்கள் காளையே' என்று கொட்டை எழுத்து. அடியில் வாழ்த்துகிறவர்கள் வரிசையில் பொட்டுக்கடலை அளவுக்கு என் முகம். கயிறு கட்டுகிற ஓட்டை சரியாக என் நெற்றியில் விழுந்திருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் போக முடியாது.

பெட்டியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவுக்குப் பெயிண்டர் வேலைக்குப் போவதாக இருந்தபோது வாங்கியது. ஏஜெண்ட் காணாமல் போனான், பெட்டி மட்டும் மிஞ்சியது. சக்கரம் வைத்த பெட்டி எங்கள் தெருவில் அது ஒன்றுதான். யார் ஊருக்குக் கிளம்பினாலும் அதுவும் கூடப் போகும். திருப்பதி பார்த்திருக்கிறது. துபாய் பார்த்திருக்கிறது. விமானத்தில் ஒட்டிய தாளின் பிசின் இன்னும் கைப்பிடியில் இருக்கிறது. நான் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் தேனி, மிஞ்சிப்போனால் கம்பம். அந்தப் பெட்டியைப் பார்த்தே எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு.

தங்கப்பொண்ணு பெட்டியை இறக்கித் துடைத்து நடுவீட்டில் விரித்து வைத்தாள். நல்லகாமன் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டு, என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று கம்பெனிக்காரன் அனுப்பியதைப் போனில் வாசித்தான்.

"தொப்பி. கறுப்புக் கண்ணாடி. வெயிலுக்குப் பூசுற கிரீம். தண்ணில நடக்க ரப்பர் செருப்பு. ஈரத்துண்டு காயப்போட..."

"துண்டு இந்தா இருக்கு" என்று தங்கப்பொண்ணு ஒரு பூத்துண்டை எடுத்துப் போட்டாள். என் துண்டு. பொங்கலுக்கு வாங்கியது.

"அரைக்கால் ட்ரவுசர் ரெண்டுன்னு போட்டுருக்கான் மதினி. எங்கிட்ட இருக்கிறது வேலைக்குப் போடுறதுதான். அதோட எறங்குனா கடலே கலர் மாறிப்போகும்."

தங்கப்பொண்ணு சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்தாள். அவள் எதை எடுக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீல நிறத்தில் செம்பருத்திப் பூப்போட்ட ட்ரவுசர். மீனா எனக்கு அனுப்பியது. ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்துவிட்டு மடித்து வைத்திருந்தேன்.

"ஏய், அது மீனா எனக்குன்னு அனுப்புனது."

"போட்டா தெருநாயி குலைக்கும்னு நீங்கதான சொன்னீக? மதுரைல எந்தக் கடலு இருக்குன்னு எடுத்து வச்சிருக்கீக?"

"அண்ணே, ஒரு போட்டோ எடுத்துட்டுப் பத்திரமாக் கொண்டாந்துர்றேன்" என்றான் நல்லகாமன். அதற்குள் ட்ரவுசர் பெட்டிக்குள் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் முத்துத்தாய் வந்தாள். இரண்டு கையிலும் கட்டைப்பை. இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய், முறுக்கு, குடை, போர்வை, துணி காயப்போடக் கயிறு, அதைக் கட்ட ஆணி. ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

"அங்க வேளா வேளைக்கு மீனுதான் போடுவாகளாம்க்கா. செவ்வாய் வெள்ளிக்கு நான் என்ன செய்ய?"

"அது சரி, இது என்ன பொட்டலம்?"

"உப்புக்கா."

"கடலுக்குப் போறவ உப்பக் கட்டிட்டுப் போறாளே!"

"நம்ம உப்பு மாதிரி வருமாக்கா?"

பெண்கள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் புரண்டார்கள். நான் எழுந்து குளிக்கப் போய்விட்டேன். தண்ணீரை மொண்டு ஊற்றும்போது கணக்காக மனதில் ஓடியது. பெட்டி என்னுடையது. துண்டு என்னுடையது. ட்ரவுசர் என்னுடையது. டோக்கனில் பாதி என்னுடையது. நான்தான் பாக்கி.

மறுநாள் சாயங்காலம் நல்லகாமன் மூச்சு வாங்க ஓடி வந்தான். பெட்டி பதினைந்து கிலோவுக்கு மேல் இருந்தால் ஏற்ற மாட்டார்களாம், இப்போதுதான் செய்தி வந்ததாம். எடை பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரிய தராசு இருப்பது அப்துல் வஹீது பாயின் பழைய இரும்புக் கடையில்தான். நானும் போனேன். பெட்டி என்னுடையது இல்லையா? முத்துத்தாயும் பின்னாலேயே வந்தாள்.

பாய் என்னைப் பார்த்ததும், "என்னப்பா பேயாண்டி, பெட்டியவே எடைக்குப் போடப்போறியா? பிளாஸ்டிக்கு இப்ப மார்க்கெட் இல்லையே" என்றார்.

"அந்தமானுக்குப் போகுது பாய்" என்றான் நல்லகாமன்.

"ஓ, ஃபிளெக்ஸுல பார்த்தேன். நீதான் காளையா?"

தராசில் ஏற்றினோம். பத்தொன்பது காட்டியது. பழைய பேப்பர் கட்டுகளுக்கு நடுவே பெட்டியைக் கிடத்தித் திறந்தோம். போர்வை வெளியே வந்தது. குடை, கயிறு, ஆணி வந்தன. உப்பை எடுக்க முத்துத்தாய் விடவில்லை. "ஒரு கைப்பிடி உப்பு என்னண்ணே கனக்கப் போகுது?" மறுபடியும் ஏற்றினோம். இன்னமும் கூடுதலாகத்தான் இருந்தது.

"நீங்க பாத்து எடுங்கண்ணே" என்றான் நல்லகாமன்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அவன் சாமானை எடுக்கும் வேலையை அவனே என்னிடம் கொடுக்கிறான். முதலில் என் ட்ரவுசரைத்தான் தேடினேன். அது மடிப்பாக அடியில் கிடந்தது. அதற்கும் கீழே கைக்கு என்னமோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. வேட்டியைச் சுற்றி வைத்திருந்தான். பிரித்தால் கறுப்பு எனாமல் டின், ஒரு லிட்டர். கூடவே இரண்டு பிரஷ்.

"இது என்ன மாப்ள? அங்கயும் வேலைக்குப் போறியா?"

அவன் பிடரியைச் சொறிந்தான். "இல்லண்ணே... கடலோரமாப் பாறை பாறையா இருக்குமாம். ஒரு நல்ல பாறையாப் பாத்து உங்க பேரையும் எம்பேரையும் எழுதிட்டு வந்துரலாம்னு. உங்க பேருதான் மொதல்ல. பாயிண்ட்டுல பாதி உங்களுதுல்ல?"

பழைய இரும்புக் கடையில், பாய் பார்க்க, முத்துத்தாய் பார்க்க, அந்த வார்த்தை வந்துவிட்டது. இத்தனை நாளாக அதற்குத்தான் காத்திருந்தேன். வந்தால் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அவன் நல்லவனாகப் போனது இன்னும் எரிந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.

"யோவ், பெயிண்ட்டையெல்லாம் ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டான்யா, தீப்பிடிக்கிற சாமான்" என்றார் பாய். "என் மகன் சாஜித்து சவுதிக்குப் போகையில சின்ன அத்தர் பாட்டிலு, அதையே புடுங்கி வச்சுக்கிட்டான். டின்னப் பாத்தா உன்னையும் சேத்துப் புடிச்சு வச்சுக்குவான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானே டின்னை எடுத்துத் தரையில் வைத்தேன். பிரஷ்ஷையும் வைத்தேன். பெட்டியை மூடி ஏற்றினோம்.

"பாரு, இப்பச் சரியா நிக்குது" என்றார் பாய்.

என் பெட்டி போகிறது, துண்டு போகிறது, ட்ரவுசர் போகிறது. என் பெயர் மட்டும் எடை கூடுதல் என்று இறங்கிவிட்டது.

"அப்ப பொடி டப்பா இருக்கட்டும்லண்ணே?" என்றாள் முத்துத்தாய்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு கொட்டாம்பட்டியில் ஒரு வீட்டு வேலை. ரோட்டோரத்துப் புது வீடு. இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாகப் பார்த்தேன். நானே ஏறி, நானே இறங்கி, ஏணியையும் நானே நகர்த்திக்கொண்டேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மத்தியானம் புதுப் பக்கெட் ஒன்றைத் திறந்து, டோக்கனை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட நேரம் போன் அடித்தது. வீடியோ கால்.

முதலில் தெரிந்தது கடல் இல்லை, செம்பருத்திப் பூ. இடுப்பு வரைக்கும் நனைந்து நிற்கிறான். பின்னால் முத்துத்தாய் முழங்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதிக்கிறாள்.

"அண்ணே, தண்ணி எம்புட்டுத் தெளிவா இருக்கு பாருங்கண்ணே! கீழ மீனு போறது தெரியுது!"

"ட்ரவுசர உப்புத்தண்ணில நனைக்காதன்னு சொன்னேன்ல?"

"சூப்பர் ட்ரவுசர்ணே! டூர்ல வந்த கும்பகோணத்துக்காரன் எங்க எடுத்ததுன்னு ரெண்டு வாட்டி கேட்டுட்டான்."

"என்ன சொன்ன?"

"சிரிச்சுவச்சேன். அண்ணே, பக்கெட்டு தெறந்துட்டீகளா?"

"ம்."

"டோக்கனைப் பத்திரமா எடுத்து வைங்க, வந்து ஏத்திக்கிறேன். அடுத்த தடவை இன்னும் தூரமாக் கூட்டிட்டுப் போறாகளாம்!"

அவன் மனதில் ஒன்றும் இல்லை. பழக்கத்தில்தான் கேட்டான். சட்டைப்பைக்கு மேலே கையை வைத்துக்கொண்டேன்.

"சரியாக் கேக்கல மாப்ள. சிக்னலு விட்டு விட்டு வருது."

"இங்க நல்லா கேக்குதேண்ணே!"

"இங்க கேக்கல."

போனை வைத்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, டோக்கனை எடுத்து நகத்தால் சுரண்டினேன். போனை அதற்கு நேராகப் பிடித்தேன். பெயர் கேட்டது. தேடித் தேடி பேயாண்டி என்று அடித்தேன். வருக என்று வந்தது. கூடவே ஒரு படம். தீவு, வெள்ளை மணல், சாய்ந்த தென்னை மரம்.

ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி திரும்பி வந்ததும் மேலே ஏற்றி வைத்துவிட வேண்டும். இனிமேல் யார் கேட்டாலும் சக்கரம் உடைந்துவிட்டது என்று சொல்லச் சொல்லித் தங்கப்பொண்ணிடம் சொல்ல வேண்டும். ட்ரவுசரை உப்புப் போக அலசி, அவனையே இஸ்திரி போட்டுத் தரச் சொல்ல வேண்டும். நாங்கள் போகும்போது பொடி வேண்டும். போர்வை வேண்டாம்.

எழுந்து போய் அடுத்த பக்கெட்டின் மூடியை நெம்பித் திறந்தேன். இன்றைக்குத் தேவைப்படாத பக்கெட் அது.