லீலண்டின் விருந்துப் பட்டியல்

நவம்பர் நாலாம் வியாழக்கிழமை, குடும்பம் முழுக்கக் கூடிச் சாப்பிடும் நன்றி நாளுக்கு, அந்த வருடம் யார் என்ன சமைத்துக்கொண்டு வருவது என்று பட்டியல் போட்டவன் என் பெரிய அண்ணன் லீலண்ட். அவனால் ஒரு வாய்கூட விழுங்க முடியாது.

ஆகஸ்டில் அவன் தொண்டையைத் திறந்து குரல்வளையையும் உணவுக்குழாயின் மேல்பாதியையும் எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். கழுத்தில் ஒரு துளை, அது மூச்சுக்கு. வயிற்றில் ஒரு குழாய், அது சாப்பாட்டுக்கு. டப்பாவில் வருகிற வெளிறிய கஞ்சி மாதிரி ஒன்றை ஒரு நாளைக்கு ஐந்து தடவை அதில் ஊற்ற வேண்டும். பேச்சு போய்விட்டது. முப்பது வருடம் ஏரியில் ஓடும் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவன் அவன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கத்தியே பேசிப் பழகியவன். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற வெள்ளைப் பலகை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எழுதிக் காட்டினான்.

நவம்பர் முதல் வாரம் எங்கள் எல்லோருடைய போனுக்கும் அவனிடமிருந்து செய்தி வந்தது.

'வியாழக்கிழமை எங்க வீட்டுல. வான்கோழி எங்களோடது. மத்தபடி ஆளுக்கு ஒண்ணு. யாருக்கு எது நல்லா பண்ண வரும்னு பாக்க வேண்டாம். உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அது. வெக்கப்படாம சொல்லுங்க.'

சின்ன அண்ணன் கர்ட் உடனே பதில் போட்டான். பச்சை ஜெல்லிக்குள் முட்டைக்கோஸும் கேரட்டும் துருவிப் போட்டு உறையவைப்பது. அவனைத் தவிர அதைத் தொட்டவர்கள் கிடையாது.

'அத எடுத்துட்டு வந்தா நான் தனி கார்ல வர்றேன்' என்று அவன் மனைவி டோரீன் எழுதினாள். அவள் எடுத்துக்கொண்டது பீன்ஸ். மேலே பொரித்த வெங்காயம் தூவி அடுப்பில் வேகவைப்பாள். நான் முட்டை என்றேன். அவித்து, மஞ்சள் கருவை எடுத்துக் கடுகு விழுதோடு பிசைந்து, திரும்ப வெள்ளைக்குள்ளேயே நிரப்பி வைப்பது.

'ஒரு டஜன் பத்தாது நோலா. கர்ட் மட்டுமே எட்டு முழுங்குவான்' என்று லீலண்டிடமிருந்து வந்தது.

படிக்கும்போது அவன் பழைய குரலே காதில் கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை. அது அவன் மனைவி பெர்னடெட்டின் பெயர்.

மறுநாள் டோரீன் கூப்பிட்டாள்.

"எப்படி நோலா? அவரு முன்னாடி உக்காந்து நாம மென்னுக்கிட்டு இருக்கறதா? கர்ட் நேத்து தூங்கவே இல்ல."

"எனக்கும் அதான் யோசனை."

"நீதான் முதியோர் இல்லத்துச் சமையக்கட்டுல இருக்க. உனக்குத் தெரியாததா? நீ சொல்லு, சரியா தப்பா?"

எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். பதினோரு வருடமாக அந்தச் சமையலறையில் வேலை. குழாய் போட்டவர்களைச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமே கொண்டுவர மாட்டார்கள். "அந்த வாசனையே கொன்னுடும் டோரீன்," என்றேன். "வான்கோழி வேகற வாசனை காலையிலேருந்து வீடு பூரா நிக்கும். அதுல அவன உக்காரவெக்கறது சித்திரவதை."

"அப்ப வேண்டாம்னு சொல்லிடலாமா?"

"சொன்னா கேக்க மாட்டான். ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லிடுவோம். உங்க வீட்டுலயே வெச்சுக்கலாம்."

சொன்னது நான்தான். இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அந்த வாக்கியம் டோரீன் வாயிலிருந்து வந்ததாக மாறவில்லை.

கர்ட் மான் வேட்டைக்குப் போவதாகச் சொன்னான். எனக்கு அன்றைக்கு வேலை என்று சொன்னேன். லீலண்ட் எங்கள் இருவருக்கும் ஒரே பதில் அனுப்பினான்: 'சரி.' அவ்வளவுதான். அதன் பிறகு நாங்கள் மூவரும் ஒரு தனிப் பட்டியல் போட்டோம். ஜெல்லி, பீன்ஸ், முட்டை. அப்படியே அவன் பட்டியல்தான். இடம் மட்டும் வேறு.

சனிக்கிழமை மதியம் இல்லத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பெர்னடெட் கூப்பிட்டாள்.

"வியாழக்கிழமை உனக்கு வேலைதானே நோலா?"

"ஆமா பெர்னி. சொன்னேனே."

"காலையிலயா, மதியமா?"

"ரெண்டும்," என்றேன்.

"கடையில டோரீனப் பாத்தேன். தள்ளுவண்டியில இந்தப் பெரிய வான்கோழி. கர்ட்தான் வேட்டைக்குப் போறானே, நீ ஒருத்தி இத எத்தனை நாள் திம்பேன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். அழுதுட்டா. அழுதுக்கிட்டே உன் பேரச் சொன்னா."

குழாயை மூடினேன். கையிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது.

"பெர்னி, நாங்க கெட்ட எண்ணத்துல..."

"எங்கிட்டச் சொல்லாத. வந்து அவருகிட்டச் சொல்லு. நீங்க ரெண்டு பேரும் வரலேன்னப்புறமும் அவரு கீழறையிலேருந்து ஒவ்வொரு நாற்காலியா மேல தூக்கிட்டு வந்திருக்காரு. படிக்கட்டுல ரெண்டு தடவ நின்னு நின்னு ஏறினாரு. எதுக்கு இவ்வளவுன்னு கேட்டா, யாராவது மனசு மாறி வருவாங்கன்னு எழுதறாரு."

வேலை முடிந்து நேராக அங்கே போனேன். ஏரியிலிருந்து காற்று பனித்துகளை வாரி அடித்துக்கொண்டிருந்தது. லீலண்ட் சமையலறை மேஜையில் உட்கார்ந்திருந்தான். கழுத்துத் துளையின் மேல் சின்னத் துணி. சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து போகும் அளவுக்கு இடம் இருந்தது. சுவரோரம் நாற்காலிகள் வரிசையாக நின்றன. பெர்னடெட் அடுப்பருகே எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். யோசனை என்னுடையது, டோரீனைத் திட்டாதே என்றேன். "அந்த வாசனையில நீ எப்படி உக்காந்திருப்ப? அத நெனச்சுத்தான் லீலண்ட்."

அவன் பேனாவின் மூடியைக் கழற்றினான். பிறகு பலகையை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினான்.

'எனக்கு வாசனையே தெரியாது.'

எனக்குப் புரியவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. மூக்கைத் தொட்டுக் கையை ஆட்டினான். கழுத்துத் துளையைத் தொட்டுக் காட்டினான். மூச்சு இந்த வழியாகப் போகிறது, அந்த வழியாக இல்லை. துடைத்துவிட்டு எழுதினான்.

'ஆகஸ்ட்லேருந்து ஒண்ணும் இல்ல. காப்பி, பெட்ரோல், எதுவும். யாரும் கேக்கல.'

இரண்டையும் நான் வாய்விட்டுப் படித்தேன். அடுப்பருகே நின்ற பெர்னடெட் திரும்பினாள். அவளுக்கும் அது தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

"ஏன் சொல்லல?" என்றாள் அவள்.

அவன் தோளைக் குலுக்கினான். என்னைப் பார்த்து ஜாடை காட்டி, பலகையை அவள் பார்க்க முடியாதபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டு எழுதினான். அவன் கையெழுத்து எப்போதும் கோணல். அன்று அவசரத்தில் இன்னும் கோணல்.

'பெர்னி மூணு மாசமா கார் ஷெட்டுல நின்னுக்கிட்டு சாப்பிடறா. நான் பாக்கக் கூடாதுன்னு. ரொட்டியும் சீஸும். தெனமும் அதான். பதினஞ்சு பவுண்டு எளச்சுட்டா. எல்லாரும் வந்தா உக்காருவான்னு நெனச்சேன்.'

நான் அதை இரண்டு முறை படித்தேன். அவன் கையால் அழித்துவிட்டு வேறு எழுதினான். 'அவளுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டேன். எதுவும் இல்லேங்கறா.'

"என்ன எழுதினாரு?" என்றாள் பெர்னடெட்.

"முட்டை ரெண்டு டஜனா கொண்டு வரச் சொல்றான்," என்றேன். எங்களுக்குள் அன்றைய கடைசிப் பொய் அது.

வியாழக்கிழமை எல்லோரும் போனோம். கர்ட் சவரம் செய்துகொண்டு, கல்யாணத்துக்கு வருகிறவன் போல் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். ஜெல்லிக் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தியபடி வாசலிலேயே நின்றான். லீலண்ட் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, பலகையில் எழுதிக் காட்டினான்: 'எனக்கு முழுங்க வராம போனதுல ஒரு நல்லது.' கர்ட் சிரிக்க முயன்றான். உதடு கோணிக்கொண்டது.

சாப்பாடு நன்றாக இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மேஜையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு, சின்னச் சின்ன வாயாக, திருடுகிறவர்கள் போல் தின்றோம். டோரீன் பீன்ஸை மென்றுவிட்டு விழுங்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரோடு இறக்கினாள். பெர்னடெட் உட்காரவே இல்லை. வான்கோழியைத் துண்டு போட்டாள், குழம்பைச் சுடவைத்தாள், யாரும் கேட்காத உப்பை எடுத்து வந்தாள். லீலண்ட் மேஜையின் தலைப்பக்கத்தில் காலித் தட்டோடு உட்கார்ந்து அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் எழுந்து போய் டப்பாவையும் ஊசிக்குழலையும் எடுத்து வந்தான். அதுவரை எங்கள் யார் முன்னாலும் அவன் அதைச் செய்ததில்லை; கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வான். மேஜையிலேயே உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, குழாயின் மூடியைத் திறந்து, ஊசிக்குழலைச் செருகி, திரவத்தை ஊற்றி உயர்த்திப் பிடித்தான். அது மெல்ல இறங்கியது. வெளிறிய வயிறு, அதில் ஒட்டிய பிளாஸ்திரி, சுற்றிலும் சிவந்த தோல். மறு கையால் தனக்குப் பக்கத்து நாற்காலியை வெளியே இழுத்தான். பெர்னடெட்டைப் பார்த்தான்.

கர்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டான். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கோட்டு இல்லாமல் பனியில் காரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பெர்னடெட் உட்கார்ந்தாள்.

நான் அவள் தட்டில் மசித்த உருளைக்கிழங்கு வைத்தேன். அவள் ஒரு கரண்டி எடுத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு வேகமாகத் தின்ன ஆரம்பித்தாள். கறி, பீன்ஸ், நாலு முட்டை, யாரும் தொடாத அந்த ஜெல்லியில்கூட ஒரு துண்டு. கண்ணீர் வாயருகே வழிந்தது. அவள் துடைக்கவில்லை, மெல்லுவதையும் நிறுத்தவில்லை. பார்க்கச் சங்கடமாக இருந்தது. லீலண்ட் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. அப்படி ஒரு பசியோடு அவள் இத்தனை நாள் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவனுக்கு முழுசாகத் தெரிந்தது போலிருந்தது.

சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பான பூசணிப் பையை வெட்டும்போது கர்ட் உள்ளே வந்தான். காது சிவந்திருந்தது.

பிறகு நானும் பெர்னடெட்டும் பாத்திரம் கழுவினோம். லீலண்ட் கூடத்தில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான்.

"நாலாம் தேதி மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க," என்றாள் அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "நுரையீரல்ல இருக்கு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. சொன்னா எழவு வீட்டுக்கு வர்ற மாதிரி வருவீங்களாம்."

நாலாம் தேதி. எங்களுக்குப் பட்டியல் வந்தது ஐந்தாம் தேதி. நான் கையிலிருந்த தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

"மன்னிச்சுடு பெர்னி."

"மன்னிக்க முடியல நோலா," என்றாள். கோபம் இல்லை, களைப்புதான். "அந்தப் பக்கத்துத் துண்ட எடு. இது ஈரமாயிடுச்சு."

ஜனவரி மூன்றாவது வாரம் லீலண்ட் போனான். ஏரி உறைந்து கிடந்தது. அடக்கத்துக்கு அவனோடு கப்பலில் இருந்தவர்கள் ஆறு பேர் வந்தார்கள். தேவாலயத்து நிலவறையில் ஊர்ப் பெண்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டை நின்றபடியே தின்றுவிட்டுக் கலைந்தோம். கோடையில் பெர்னடெட் வீட்டை விற்றுவிட்டு டுலூத்தில் இருக்கும் தங்கையிடம் போனாள். போகும்போது கர்ட்டிடம் சொல்லிக்கொண்டாள். நான் அன்றைக்கு வேலையில் இருந்தேன்.

அடுத்த நவம்பரில் டோரீன் கூப்பிட்டு, "ஏதாவது பண்ணலாமா?" என்று இழுத்தாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். அந்தத் தடவை நிஜமாகவே இருந்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.