கட்டை வைப்பவள்

சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் டெக்னிக். எதைக் கேட்டாலும், "அதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். பூட்டு திறக்காவிட்டால் சாவியை எண்ணெயில் முக்குவது, குழாய் ஒழுகினால் கயிறு கட்டுவது என்று எல்லாவற்றுக்கும் ஒன்று வைத்திருந்தார். அவர் கை வைத்து எதுவும் சரியானதாகச் சரித்திரம் இல்லை. ஆனாலும் அந்தப் பெயரை யாரோ மேடையில் கொடுத்த பட்டம் போலச் சுமந்துகொண்டு திரிந்தார்.

அவருடைய காருக்கு ஹேண்ட் பிரேக் செத்துப் பல வருஷமாகிவிட்டது. கைப்பிடியை இழுத்தால் கூரை வரைக்கும் வந்துவிடும் போலிருக்கும். வண்டி அது பாட்டுக்கு உருளும். வீடு இருந்ததோ சரிவான தெருவில். கியரில் போட்டு நிறுத்தினாலும் கிழட்டு எஞ்சின் கொஞ்ச நேரம் முனகிவிட்டு நழுவ ஆரம்பிக்கும். எதிர்வீட்டுப் பூந்தொட்டிகளை அது வரிசையாகப் படுக்கவைத்த அன்று, அவர் தன் வாழ்நாள் கண்டுபிடிப்பைச் செய்தார்.

அதன்படி அவர் பிரேக்கை மிதித்தபடி கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். மனைவி இறங்கி, ஒரு மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் செருக வேண்டும். "ஆச்சு" என்று அவள் குரல் கொடுத்த பிறகுதான் காலை எடுப்பார். கிளம்பும்போது கட்டையை உருவுவதும் அவள் வேலை. நல்ல துணி உடுத்திய நாளிலும் சரி, மழையிலும் சரி, விசேஷ வீட்டு வாசலில் நாலு பேர் பார்க்கக் குனிந்து கட்டை வைத்துவிட்டுத்தான் அவள் உள்ளே போவாள். கட்டை இருக்கிறதா என்று அவர் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. அது அவள் இலாகா.

உயர்ந்தபடியே நின்ற கைப்பிடியில் முகம் துடைக்கும் துண்டைத் தொங்கவிட்டிருந்தார். ஹேண்ட் பிரேக் போட்டிருப்பதாக ஓயாமல் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். அவரைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்துவிட்டது.

மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அதை நடத்தும் டாக்டரம்மா ஊருக்கு வெளியே, மலைமேல் புதிதாக ஒரு கிளை திறக்கப் போவதாகவும், அதன் பொறுப்பை அவளிடமே கொடுக்க நினைப்பதாகவும் சொன்னார். விடிந்ததும் அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. வீட்டில் கார் இருக்கிறது, அவளிடம் லைசென்ஸும் இருக்கிறது, அப்புறம் என்ன என்று டாக்டரம்மா கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால், அவளிடமே வேலை கற்றுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலி போய்விடும்.

வீட்டில் சொன்னாள். டெக்னிக் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஓட்டுறது யார் வேணும்னாலும் ஓட்டலாம். நிறுத்துறதுலதான் விஷயமே இருக்கு. நீ பிரேக்க மிதிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்ப. கட்டைய யாரு வைப்பா, உங்க டாக்டரம்மாவா?"

ஹேண்ட் பிரேக்கைச் சரி பண்ணிவிடலாமே என்றாள். உடனே ஒரு பிரசங்கம் ஆரம்பமானது. மெக்கானிக்குகள் ஒன்றைப் பிடுங்கி ஒன்பதைக் கெடுப்பவர்கள். பழைய வண்டிக்கென்று ஒரு சுபாவம் உண்டு, கைப்பக்குவம் தெரிந்தவனிடம்தான் அது அடங்கும். கடைசியில், தான் இல்லாமல் இந்த வண்டி நிற்காது என்று பெருமையாகச் சொல்லி முடித்தார்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இவருக்கு அது சரியாகவே கூடாது. தானாக நிற்கும் காரில் இவருக்கு என்ன வேலை? அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அவர் ஒரு நண்பர் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு யோசனை சொல்லப் பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போனார். அவள் லீவு போட்டுவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். வந்தவர், யார் வீடு என்று தெரிந்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். முன்பு ஒருமுறை டெக்னிக் இவர் தலைமாட்டில் நின்று ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். சார் சாயங்காலம்தான் வருவார் என்று அவள் உறுதி கொடுத்த பிறகே பையைக் கீழே வைத்தார்.

கேபிள் துருவேறிப் பிரிந்து கிடந்தது. சக்கரத்துக்குள்ளே பிரேக் கட்டைகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. இரண்டையும் மாற்றிவிட்டு, இதற்கா இத்தனை வருஷம் என்று முணுமுணுத்தபடி மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டார்.

அவள் காரைத் தெருவின் செங்குத்தான இடத்துக்கு எடுத்துப் போய்ச் சோதித்துப் பார்த்தாள். ஆடாமல் நின்றது. திரும்பக் கொண்டுவந்து, கட்டை வைக்காமல் கைப்பிடியை மட்டும் இழுத்துவிட்டு, பழக்கத்தில் துண்டையும் அதன்மேலேயே தொங்கவிட்டாள்.

ராத்திரி சாப்பாட்டின்போது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் திரும்பி வந்தவருக்கு, அந்த மோட்டார் ஏன் புகைந்தது, அதில் தன் தவறு எதுவும் எப்படி இல்லை என்பதை விளக்கவே நேரம் போதவில்லை. விருந்தாளியாக வந்திருந்த தன் தம்பியிடம், உங்க அண்ணி மலைமேல கார் ஓட்டப் போறாளாம், கட்டை தூக்க ஆள் தேடிக்கிட்டு இருக்கா என்றும் சொல்லிச் சிரித்தார். கொழுந்தன் மரியாதைக்குச் சிரித்தான். அவள் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை தம்பியைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். கட்டையை அவள் எடுத்திருப்பாள் என்ற நம்பிக்கையில் டெக்னிக் ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. மறுபடியும் அதேதான். இன்னும் அழுத்தி மிதித்தார். கருகிய நாற்றம் வந்தது.

"கிளட்ச் போச்சு," என்று அறிவித்தார்.

கொழுந்தன் பின்னால் நின்று தள்ளினான். அதே தெருவிலிருந்து மருந்துக்கடைக்காரரும் தையல்காரரும் வந்து தோள் கொடுத்தார்கள். தினமும் தானாக உருளும் வண்டி அன்று சரிவில்கூட அசையவில்லை. உடனே கிளட்ச் பிழைத்துக்கொண்டது. கியர் பாக்ஸ் இறுகிவிட்டதாகத் தீர்ப்பு மாறியது. பழைய வண்டிகளின் கியர் பாக்ஸ் ஏன் காலையில் இறுகும் என்பதை, வியர்த்து நின்றவர்களுக்கு உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக விளக்கினார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அவள் கேட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல அவசரம் எதுவும் தோன்றவில்லை. தானே கண்டுபிடிக்கிறாரா பார்க்கலாம். கண்டுபிடிக்க மாட்டார் என்பதும் தெரியும்.

"அண்ணா, பஸ் போயிடும்," என்றான் தம்பி.

"இனிமே இது தேறாது. காயலான் கடைக்காரனக் கூப்பிட்டு இன்னைக்கே தள்ளிவிட்டுடறேன்," என்று டெக்னிக் போனை எடுத்தார்.

சொன்னால் செய்கிறவர். செய்யக்கூடாததை மட்டும் உடனே செய்கிறவர். கார் போனால் மலையும் போய்விடும். அவள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

"இறங்குங்க."

"உனக்கு என்ன தெரியும் இதுல?"

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு. இறங்குங்க."

"அது எங்க வேலை செய்யுது?"

"நேத்துலேருந்து செய்யுது."

தையல்காரர் திரும்பிக்கொண்டு இருமினார். டெக்னிக் இறங்கினார். அவள் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்திக் கைப்பிடியைக் கீழே இறக்கியதும், வண்டி அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி நகர்ந்தது. காலால் பிரேக்கை மிதித்து நிறுத்தினாள்.

டெக்னிக் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நான்தான் சொன்னேன், முதல்ல கேபிள மாத்துன்னு."

அவள் மறுக்கவில்லை. மறுத்துப் பேச அதில் என்ன இருக்கிறது? டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மலைக்கு நானே வர்றேன் டாக்டர். ஆமா, கார்லதான். நான்தான் ஓட்டிட்டு வருவேன்."

முன் சீட்டை அண்ணனுக்கு விட்டுவிட்டுப் பின்னால் ஏறப் போன கொழுந்தனைத் தடுத்து, முன்னால் உட்காரச் சொன்னாள். டெக்னிக் பின்னால் ஏறிக்கொண்டார். பஸ் நிலையத்துக்கு ஏறும் மேட்டில், பாதியில், முன்னால் போன லாரி நின்றுவிட்டது. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"கால எடுக்காத," என்றார் பின் சீட்டிலிருந்து. "எடுக்காத, சொல்றேன்ல."

அவள் காலை எடுத்தாள். கார் நின்றது. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, லாரி நகரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.