வெட்டுகிற கிளி

உம்மா மிளகாய் இலையை விரலால் சுண்டினார். அதிலிருந்த வெட்டுக்கிளி பறக்கவில்லை. நடுநரம்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நடந்தது. மஞ்சள் நிறம், விரல் நீளம். குறிஞ்சிப்பிட்டியில் இதற்கு முன் நாங்கள் காணாதது. டீவியில் பாலைவன வெட்டுக்கிளி என்று காட்டியதைப் போலவே இருந்தது. காய் பிடிக்கிற நேரத்தில் தோட்டத்தின் கிழக்குப் பாதி வெறும் குச்சியாகிவிட்டது.

ஒருவர் மட்டும் மருந்தடித்தால் கூட்டம் வேலி தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வரும். அதனால், பனியில் அதன் இறக்கை நனைந்திருக்கும் விடியலில், எல்லாரும் ஒன்றாக அடிப்பது என்று வாப்பாவும் பக்கத்துத் தோட்டத்து இரத்தினம் அண்ணனும் பேசிக்கொண்டார்கள். முதலில் அரசாங்கக் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும். சந்தையில் வாப்பா பழகிய சிங்களம் மரக்கறி விலை பேசப் போதும்; வெட்டுக்கிளிக்கு அதில் சொல் இல்லை. அவர் அதை இரண்டாக உடைத்து, வெட்டுகிற கிளி என்றே ஃபோனில் சொன்னார்: “கப்பன கிரவு.”

வெட்டுக்கிளிக்குச் சிங்களத்தில் பலங்கெட்டியா என்று நான் மெதுவாகச் சொன்னேன். வாப்பா கையைக் காட்டி என்னை அடக்கினார்.

ஃபோனை எடுத்தவர் லைனை வேறொரு கந்தோருக்கு மாற்றிவிட்டார். ஆள் அனுப்புகிறோம், அதுவரை மருந்து கிருந்து அடித்தால் வழக்கு வரும் என்றார்களாம். பூச்சிக்கு என்ன வழக்கு என்று வாப்பாவுக்கு விளங்கவில்லை. என்றாலும் பயந்து, இரத்தினம் அண்ணனையும் மறித்துவிட்டார். நாங்கள் தகரம் தட்டிக்கொண்டு காத்திருந்தோம்.

இன்று ஜீப் வந்தது. இறங்கிய ஃபஸ்லான் என்ற அதிகாரி தென்னை மரங்களை அண்ணாந்து பார்த்தார்.

“கிளி எங்க நானா?”

வாப்பா செடியைக் காட்டினார்.

“இது பூச்சியல்லவா? நாங்க வனசீவிக் கந்தோர். கிளி, குரங்கு, யானைதான் எங்கட. இதுக்கு விவசாயக் கந்தோருக்குச் சொல்லணும். இன்டைக்கு வெள்ளி. இனித் திங்கள்தான்.”

வெறுங்கையோடு போக மனமில்லாமலோ என்னவோ, கொண்டுவந்த யானை விரட்டும் வெடிகளை வாப்பாவிடம் கொடுத்தார்.

“கூடு ஒண்டும் கொண்டுவரல்லயா தம்பி?” என்றார் உம்மா. “பிடிச்சி வளர்த்திருப்போம்.”

ஜீப் போனதும் வாப்பா யாரிடமும் கேட்காமல் ஒரு வெடியைக் கொளுத்தி எறிந்தார். தோட்டமே எழும்பியதுபோல் கூட்டம் கிளம்பி, வெயிலில் மணல் வீசியதுபோல் மின்னி, வேலியைத் தாண்டி இரத்தினம் அண்ணனின் வெங்காயத்தில் இறங்கியது. அவர் சாக்கை வீசிக்கொண்டு பாத்திகளுக்கிடையில் ஓடினார். பிறகு நின்றார்.

“சரீப் நானா,” என்று வாப்பாவைக் கூப்பிட்டார்.

கூட்டத்தில் கொஞ்சம் பிரிந்து எங்கள் பக்கம் திரும்பியது. வாப்பாவின் ஒரு கையில் அடுத்த வெடி. மற்றக் கையில் நெருப்புக்குச்சி எரிந்து விரலை நெருங்கிக்கொண்டிருந்தது.