மூவாயிரத்துல சிரிக்கிற சைலன்ஸர்

கணபதி ஏரியாவுல காருக்கு கம்பெனி சைலன்ஸரைக் கழட்டிட்டு வெளியில வாங்குனதை மாட்டினா, வீட்ல ஒருத்தரோட குரல் அதுக்குள்ள போயிடும். யாரு குரல்னு முன்னாடியே சொல்ல முடியாது. கடைசி நட்டு இறுகுற நேரத்துல யாரு பேச்சு பாதியில நிக்குதோ, அவங்களுது. தனியா இருக்கறவங்க குரலை மட்டும் அது எடுக்காது. எதிர் வீட்டு ஸ்டீபன் தனி ஆளு. மூணு சைலன்ஸர் மாத்திட்டாரு, இன்னும் குரல் கணீர்னுதான் இருக்கு.

நவநீதன் வீட்ல போனது அவன் சம்சாரம் தாரணியோட குரல். கல்யாணமாகி நாலாவது மாசம் அது. சமையக்கட்டுல நின்னு "என்னங்க, தக்காளி..."ன்னு ஆரம்பிச்சா. போர்ட்டிகோவுல நட்டு இறுகிடுச்சு. தக்காளிக்கு என்ன ஆச்சுன்னு அப்புறம் தெரியவே இல்ல. அன்னைக்கு ரசம் புளிக்கரைசல்லயே முடிஞ்சுது.

மறுநாள் தாரணி ஒரு சிலேட்டும் ஒரு பெட்டி பலப்பமும் வாங்கிட்டு வந்தா. ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு.

வண்டி சவுண்டு என்னமோ அட்டகாசம். சும்மா நிக்கறப்ப தாரணி குரல் எதையோ முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். ரெண்டாவது கியர்ல வார்த்தை தெளிஞ்சுடும். மூணாவதுல பேச ஆரம்பிச்சுடும். தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் அவினாசி ரோட்டுல ஒரு ரவுண்டு போவாங்க. தாரணி பக்கத்து சீட்டுல உட்கார்ந்து ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு வருவா. பின்னாடி குழாயில இருந்து அவ குரல், "நீங்க முடி வெட்டுனது நல்லாவே இல்லைங்க"ன்னும், "எங்க வீட்டு ஞாபகமா இருக்கு"ன்னும் சொல்லும். நவநீதன் கண்ணாடியைப் பார்த்துப் பதில் சொல்லுவான். வீட்ல எழுதாத விஷயமெல்லாம் வண்டியிலதான் வரும்.

இஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து தொட்டதும் குழாய் சிரிக்கும். வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிக்கிற மாதிரி, தொண்டை நிறைய. நவநீதனுக்கு உயிரே அதுதான். சிக்னல் விழுந்ததும் மிதிச்சுட்டு அதுக்காகக் காத்திருப்பான்.

சிரிப்பு வர்றப்பல்லாம் தாரணி மடியில இருக்கற சிலேட்டை எடுத்து எழுதுவா: அது நானில்ல.

"நீதான் தாரு. நீ எப்படி சிரிப்பேன்னு உனக்கே தெரியாது"ன்னு சொல்லி, ஸ்டியரிங்ல இருந்து ஒரு கையை எடுத்து, உள்ளங்கையால அதை அழிச்சுடுவான். போகப்போக படிக்காமலேயே அழிச்சான்.

இந்த வருஷம் தாரணிக்கு ஒரு ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் வேலை கிடைச்சுது. திங்கட்கிழமை சேரணும். பாடம் போர்டுல எழுதி நடத்திக்கலாம், பரவால்ல, ஆனா அட்டெண்டன்ஸ் மட்டும் வாயால எடுக்கணும்னு ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. சிலேட்டைப் பார்த்து 'உள்ளேன் மிஸ்' சொன்னா அது செல்லாதாம்.

தாரணி வீட்டுக்கு வந்து எழுதினா: ஞாயித்துக்கிழமை கழட்டிடுங்க.

நவநீதன் அன்னைக்கு மட்டும் அதை அழிக்கல. முழுசா படிச்சான். சரின்னு தலையாட்டினான்.

இந்த வேலையை மெக்கானிக் ஷாப்ல செய்ய முடியாது. அங்க கழட்டினா குரல் மெக்கானிக்குக்குப் போயிடும். வீட்லதான் கழட்டணும். குரலுக்குச் சொந்தக்காரங்க குழாயோட பின் வாய்கிட்ட வாயைத் தொறந்துக்கிட்டு உட்காரணும். ரெண்டாவது வீதியில ஒருத்தர் அவசரப்பட்டு யாரும் உட்காராம கழட்டிட்டாரு. அவங்க மாமனார் குரல் இட்லிப் பானைக்குள்ள போயிடுச்சு. இப்பவும் காலையில மூடியைத் தொறந்தா, "பேப்பர் வந்துடுச்சா?"ன்னு கேக்குது. வந்துடுச்சுன்னு சொல்லிட்டுதான் இட்லி எடுக்கறாங்க.

ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு நவநீதன் ஆரம்பிச்சான். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு ரெண்டு செங்கல் வெச்சு, முன்பக்கம் ஜாக்கி ஏத்தி, ஸ்டாண்டு குடுத்தான். வெயில் நல்லா ஏறியிருந்துச்சு. தெருவுல ஒரு சத்தமும் இல்ல. காக்கா கூட கத்தல. ஞாயித்துக்கிழமை எந்த வீட்லயாவது சைலன்ஸர் கழட்டறாங்கன்னா பறவையெல்லாம் வாயை மூடிக்கும், பக்கத்துல வராது.

வண்டி கம்பெனியில இருந்து வந்தப்ப மாட்டியிருந்த பழைய சைலன்ஸரை லாஃப்ட்ல இருந்து இறக்கித் துடைச்சு வெச்சான். தாரணி பின் பம்பர்கிட்ட மனை போட்டு உட்கார்ந்து, குழாய் வாய்க்கு நேரா முகத்தை வெச்சுக்கிட்டா. தலை குளிச்சிருந்தா. நெத்தியில விபூதி.

காம்பவுண்டு சுவர்மேல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு ஸ்டீபன் எட்டிப் பார்த்தாரு.

"நவநீ, வண்டியில இருக்கறது புதுசா வாங்குனதா, பழசாப்பா?"

"புதுசுண்ணா. டப்பா பிரிச்சு மாட்டுனது."

"அப்ப முன்னாடி இருந்தே கழட்டு. பழசுன்னா மட்டும் பின்னாடி குழாயைத் தொங்கவிட்டிருக்கற ரப்பர்ல இருந்து ஆரம்பிக்கணும். மாத்திக் கழட்டிடாதப்பா, அப்புறம் என்னைக் கேக்காதே."

"தெரியும்ணா."

தெரியும்தான். புது சைலன்ஸர்ல ஒரே குரல். முன்னாடி இஞ்சின் பக்கம் தொறந்தா காத்து உள்ள பூந்து குரலைப் பின்னாடி தள்ளிவிட்டுடும். பழைய சைலன்ஸர்ல அதை முன்னாடி வெச்சிருந்த வீட்டுக்காரங்க குரல் ஏதாச்சும் தங்கியிருந்தா, அது இஞ்சின் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். முன்னாடி தொறந்தா கீழ படுத்திருக்கறவன் மேல விழும்.

இந்த சைலன்ஸரை நவநீதன் வாங்குனது பல்லடத்துல, மோகனசுந்தரம்னு ஒருத்தர்கிட்ட. "நல்லா பழுத்த சவுண்டு தம்பி. புதுசுல இது வர்றதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்"ன்னாரு அவரு. ஒருதடவை மிதிச்சும் காட்டினாரு. நவநீதனுக்கு மயிரெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஆனா தாரணி கல்யாணத்தன்னைக்கே ஒண்ணு சொல்லியிருந்தா, அடுத்தவங்க பொழங்குன பொருளை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்கன்னு. அதனால ஒரு காலி அட்டைப்பெட்டி தேடிப் புடிச்சு, அதுக்குள்ள வெச்சு, டேப் ஒட்டி, அவ முன்னாடியே பிரிச்சான். அவளும் வாசனை பார்த்துட்டு, பொட்டு வெச்சுவிட்டா. ரெண்டு வருஷத்துல, அது புதுசுன்னு அவனே நம்பிட்டான்.

இப்ப முதுகுக்குக் கீழ சாக்கு விரிச்சுப் படுத்துக்கிட்டு, துரு இளக்குற ஸ்பிரே அடிச்சுட்டு, பதினாலு நம்பர் ஸ்பேனரை முதல் நட்டுல போட்டப்பதான் அட்டைப்பெட்டி ஞாபகம் வந்துச்சு.

முதல் நட்டு 'டக்'குனு விட்டுக்குடுத்துச்சு.

பின்னாடி தாரணியோட கால் விரல் தெரிஞ்சுது. அசையவே இல்ல. குழாய்க்குள்ள ஏதோ ஒண்ணு இஞ்சின் பக்கமா நகர்ந்து வந்துச்சு. வண்டி ஓடல. ஆனாலும் குழாய் கதகதன்னு இருந்துச்சு, தூங்கி எந்திரிச்ச உடம்பு மாதிரி.

பின்னாடி இருந்து ஆரம்பிச்சா தாரணி ஏன்னு கேப்பா. ஸ்டீபன் சுவர்மேலயே இருக்காரு. ரெண்டாவது நட்டுல ஸ்பேனரைப் போட்டான். கால் சுத்து வந்துச்சு. மூவாயிரத்துல கேக்கற சிரிப்பு அவன் காதுக்குள்ள ஓடுச்சு. அவ மடியில இருந்த சிலேட்டும் ஞாபகம் வந்துச்சு. எத்தனை தடவை எழுதியிருப்பா? அரை சுத்து வந்துச்சு. குழாய் இடுக்குல இருந்து யாரோ மூச்சு விட்ட மாதிரி மூஞ்சியில சூடா பட்டுச்சு.

சொல்லிடலாம்னு முடிவு பண்ணினான். "தாரு, இது பழசு"ன்னு சொல்ல வாயைத் தொறந்தான்.

நட்டு கழண்டு நெஞ்சுமேல விழுந்துச்சு.

வாய் தொறந்திருந்ததால, இஞ்சின் பக்கம் ஒதுங்கியிருந்த குரல் நேரா உள்ள போயிடுச்சு. சில்லுனு இல்ல, சூடாவும் இல்ல. வெத்தலை வாசனை. ஒரு தொண்டையில ஒரு குரல்தான் நிக்கும். அதனால நவநீதனோட சொந்தக் குரல் கிளம்பி மேல ஏறி, தொறந்திருந்த குழாய்க்குள்ள போச்சு. அது போய்த் தள்ளினதுல, அங்க இருந்த தாரணி குரல் பின்னாடி வழியா வெளிய வந்துச்சு.

"...தீந்துபோச்சு, வரும்போது கால்கிலோ வாங்கிட்டு வாங்க"ன்னா தாரணி.

ஸ்டீபன் கை தட்டினாரு. "ஆகா! சுத்தமா வந்துடுச்சும்மா!"

தாரணி தொண்டையைத் தொட்டுப் பார்த்தா. 'அம்மா'ன்னா. 'கணபதி'ன்னா. 'ஒண்ணு ரெண்டு மூணு'ன்னா. அப்புறம் குனிஞ்சு வண்டிக்கு அடியில பார்த்தா. "என்னங்க, வந்துடுச்சு."

நவநீதன் வெளிய ஊர்ந்து வந்து உட்கார்ந்தான். சந்தோஷம்னு சொல்லத்தான் நினைச்சான்.

"கேட்டைச் சாத்துனியா கண்ணு?"ன்னு கேட்டுச்சு அவன் வாய். எழுபது வயசைத் தாண்டின ஒரு அம்மாவோட குரல். கேட்டுட்டு, வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுது.

தாரணி அவனையே பார்த்தா. அந்தச் சிரிப்பை அவளுக்கு நல்லாவே தெரியும்.

"இல்லீங்க அத்தை, இதோ சாத்திடறேன்"ன்னு எந்திரிச்சுப் போய்க் கேட்டைச் சாத்திட்டு வந்தா.

"அப்ப பழசுதானா?"ன்னாரு ஸ்டீபன். கேட்டுட்டு அவரு குளிக்கப் போயிட்டாரு.

மிச்சமிருந்த மூணு ரப்பரை சோப்புத்தண்ணி விட்டுக் கழட்டி, நவநீதன் சைலன்ஸரைத் தரையில இறக்கினான். பழைய கம்பெனி சைலன்ஸரைத் தூக்கி மாட்டினான். புது கேஸ்கெட் வெச்சான். வேலையில ஒரு குறையும் சொல்ல முடியாது. ஸ்டார்ட் பண்ணினா வண்டி ஓடுதா இல்லையான்னே தெரியல.

குரலுக்கு அதோட வீட்டு போன் நம்பர் மனப்பாடமா இருந்துச்சு. ஒவ்வொரு நம்பரா சொல்லச் சொல்ல தாரணி அடிச்சா. நாலு மணிக்கு பல்லடத்துல இருந்து சத்தமே இல்லாத ஒரு கார் வந்து நின்னுச்சு. மோகனசுந்தரமும் அவர் சம்சாரமும் இறங்கினாங்க. பின் சீட்டுல இருந்து அவரோட அம்மா ராமாத்தாளைக் கைத்தாங்கலா இறக்கினாங்க. ஏழு வருஷமா ஒரு வார்த்தை பேசாதவங்க. வெத்தலை மட்டும் மென்னுக்கிட்டே இருந்தாங்க.

அந்தம்மா நவநீதனுக்கு எதிர்ல சேர் போட்டு உட்கார்ந்து வாயை அசைச்சாங்க. சொந்தக்காரங்க எதிர்ல இருந்தா குரல் அவங்க வாயசைவுக்குத்தான் கட்டுப்படும்; நவநீதன் வாய் பேசுச்சு.

"ஏன்டா மோகனு, வீட்டைப் பூட்டுனியா?"

"பூட்டிட்டேம்மா."

"இழுத்துப் பார்த்தியா?"

"பார்த்தேம்மா." மோகனசுந்தரம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டாரு. தாரணியைப் பார்த்து, "ஏழு வருஷமா இதைக் கேக்க ஆளில்லைங்க. நானே ரெண்டு தடவை இறங்கி இறங்கிப் பார்த்துக்குவேன்"ன்னாரு.

"இதை நீங்க எங்க வாங்குனீங்க?"ன்னு தரையில கிடந்த சைலன்ஸரைக் காட்டிக் கேட்டா தாரணி.

அவரு சம்சாரத்தை ஒரு பார்வை பார்த்துட்டுச் சொன்னாரு. "புதுசுங்க. டப்பா பிரிச்சு மாட்டுனது."

ஒருதடவை வெளிய வந்த குரல் மறுபடியும் குழாய்க்குள்ள போகாது, குழாய் இல்லாம அம்மா தொண்டைக்கு மாத்தவும் வழியில்ல. அதனால நவநீதனையே கூட்டிட்டுப் போறதுன்னு பேச்சாச்சு. பின் சீட்டுல தலையணை போட்டாங்க. நவநீதன் தாரணியைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் தொறந்தான். ராமாத்தாள் அம்மா வாயை மூடியிருந்ததால ஒண்ணும் வரல.

"எப்பங்க திருப்பி அனுப்புவீங்க?"

"அம்மா பேசி முடிச்சதும் அனுப்பிடறோம்மா. ஏழு வருஷத்துப் பேச்சு இருக்கு."

கார் கிளம்புச்சு. "கேட்டைச் சாத்திக்க கண்ணு"ன்னு அவன் வாய் உள்ள இருந்து சொல்லுச்சு. தாரணி சாத்திக்கிட்டா.

திங்கட்கிழமை தாரணி முப்பத்தோரு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. முப்பத்தோரு பேரும் உள்ளேன் மிஸ்னாங்க.

சாயங்காலம் வந்து புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு, ஜாக்கி ஏத்தி, அவளே அந்த சைலன்ஸரைத் திரும்ப மாட்டினா. முந்துன நாள் பூரா பார்த்துக்கிட்டுதானே இருந்தா. வீட்ல அவ ஒருத்திதாங்கறதால அவ குரலை அது எடுக்கல. வண்டியை எடுத்துக்கிட்டு அவினாசி ரோட்டுக்குப் போனா. பக்கத்து சீட்டுல சிலேட்டு இருந்துச்சு.

மூணாவது கியர்ல நவநீதன் பேசினான். "தாரு, அது பழசு. உன்கிட்ட சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்."

"தெரியும்ங்க"ன்னா, கண்ணாடியைப் பார்த்து. "முடி வெட்டுனதும் நல்லா இல்லைன்னு சொன்னேனே."

"இப்ப வளர்ந்துடுச்சு."

சிக்னல் விழுந்துச்சு. மிதிச்சா. மூவாயிரம் தொட்டதும் குழாய் சிரிச்சுது. ஆம்பளைக் குரல், அடித்தொண்டையில இருந்து, ரொம்ப நாளா அங்கேயே உட்கார்ந்திருந்த மாதிரி.

பக்கத்து சீட்டுல பலப்பம் கீச்சுன்னு ஓடுச்சு. தாரணி எட்டிப் பார்த்தா. அது நானில்லைன்னு எழுதியிருந்துச்சு, நவநீதன் கையெழுத்துல.

ஸ்டியரிங்ல இருந்து ஒரு கையை எடுத்து, உள்ளங்கையால அதை அழிச்சுட்டு, நாலாவது கியர் போட்டா.